சோளம் என்றால் எந்தச் சோளம்?

சோளக் குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம்; விரித்துப் பார்த்தால் இலை முழுக்க ஓட்டை. 2018 பெரும்போகத்தில் மொனராகலைச் சேனைகளில் பலர் கண்ட காட்சி இது. கண்டவருக்கு அது என்ன புழு என்று தெரியவில்லை. பக்கத்துச் சேனைக்காரருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் நாட்டுக்கே அது புதிது. அந்த நிலையில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு முன்னால் போட்டு, 'இதற்கு என்ன செய்யலாம்?' என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. பதிலும் வந்து குவியும். அவற்றில் எது உதவும், எது பயிரைக் கெடுக்கும் என்பது கேள்வியைப் பொறுத்தது.

முதல் இடறல் சொல்லிலேயே இருக்கிறது. இலங்கையில் சோளம் என்றால் அவித்தும் சுட்டும் தின்கிற பொத்திச் சோளம். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் மக்காச்சோளம். வெறுமனே சோளம் என்றால் அங்கே வேறொரு தானியம். மொனராகலையில் இருந்து கேட்டவருக்குத் தஞ்சாவூரில் இருந்து மனதார ஒருவர் பதில் எழுதுவார், வேறு பயிருக்கு! மலைநாட்டுக் காய்கறிக்காரர் 'கோவாவில் புழு' என்று எழுதினால் நிலைமை இன்னும் வேடிக்கை. இங்கே கோவா என்பது முட்டைக்கோசு. அக்கரையில் அது பால் காய்ச்சிச் செய்யும் இனிப்பு. போஞ்சி என்றால் பீன்ஸ் என்று விளக்கவும் வேண்டியிருக்கும். அளவிலும் இதே கதைதான்: ஓர் ஏக்கரில் இங்கே 160 பேர்ச், அங்கே 100 சென்ட். 'பத்துப் பேர்ச்சுக்கு எவ்வளவு மருந்து?' என்ற கேள்வி கடல் தாண்டினால் தடுமாறும்.

இனி அந்தப் புழு. சிங்களத்தில் சேனா என்றும் தமிழில் படைப்புழு என்றும் பெயர் பெற்ற அது அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. 2016 இல் ஆப்பிரிக்காவில் கண்டார்கள். 2018 மே மாதம் கர்நாடகத்தில். அதே ஆண்டில் இலங்கையில். அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீற்றர் பறக்கக்கூடியது. புழுவை அடையாளம் காண இரண்டு குறிகள் உண்டு. நெற்றியில் தலைகீழாகத் திருப்பிய கவண் போல வெளிறிய கோடு. வால்பக்கத்து இரண்டாவது கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டும் படத்தில் தெரிந்தால் கென்யாவில் இருப்பவரும் பெயர் சொல்லிவிடுவார். ஆனால் பெரும்பாலானவர்கள் அனுப்புவது ஓட்டை விழுந்த இலையின் படம். ஓட்டையை வைத்துத் திருடனைப் பிடிக்க முடியாது.

தொலைதூரத்து அந்நியர் சொல்வதெல்லாம் வீண் என்றும் இல்லை. குருத்துக்குள் மணலோ சாம்பலோ இடுவது மத்திய அமெரிக்கச் சிறு விவசாயிகளின் பழக்கம். ஆப்பிரிக்க விவசாயிகளும் அதைச் செய்து பார்த்தார்கள். புழு பகலில் குருத்துக்குள் பதுங்கி இரவில் மேயும் என்பதால், மருந்து அடிப்பதென்றால் அதிகாலையில் அல்லது அந்தியில் குருத்துக்குள் விழும்படி அடிக்க வேண்டும் என்ற யோசனையும் எங்கும் பொருந்தும். மருந்தின் பெயர் மட்டும் எங்கும் பொருந்தாது. இந்தியக் கடையில் கிடைக்கும் பராகுவாட் களைகொல்லி இலங்கையில் எப்போதோ விலக்கப்பட்டுவிட்டது. பருவமும் அப்படியே. ஆடியில் விதை என்று தமிழ்நாட்டார் சொல்வார்கள். மொனராகலையில் பெரும்போகச் சோளம் ஐப்பசி மழையைப் பார்த்து விழுகிறது. மொனராகலை இருக்கும் ஊவா மாகாணத்துக்குள்ளேயே அப்புத்தளையில் பொருந்துவது வெல்லவாயாவில் பொருந்தாது. முன்னது 1,400 மீற்றருக்கு மேல் குளிரில், பின்னது அடிவாரத்து வெயிலில்.

இந்த இடைவெளியை நிரப்ப ஒருவர் நடுவில் இருந்த காலமும் உண்டு. ஊவாவுக்குப் பக்கத்தில், நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1989 இல் ஒரு சமூக வானொலியைத் தொடங்கியது. 1990களின் முடிவில் யுனெஸ்கோ உதவியுடன் அங்கே இணையம் வந்தது. கிராமத்தார் கேள்வியை நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஒலிபரப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை ஊர் மொழியில் சொல்வார். அவ்வளவோடு விடுவதில்லை: ஊர் வைத்தியரையோ சட்டத்தரணியையோ கலையகத்தில் உட்கார வைத்து, 'இது நமக்குச் சரிவருமா?' என்றும் கேட்பார்கள். உலகத்தின் பதில் ஊர்க்காரர் ஒருவரின் வாயில் புகுந்து வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். வீட்டில் கணினி என்பது கனவாக இருந்த காலம் அது.

இப்போது கைத்தொலைபேசி கையில் இருக்கிறது, நடுவிலிருந்த ஆள்தான் இல்லை. அதனால் கேட்பவரே கேள்வியோடு ஊர், பயிரின் வயது, கடைசியாக மழை பெய்த நாள், ஏற்கெனவே அடித்த மருந்து எல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தில் தமிழிலும் கேட்கலாம். கேட்கும்போது சோளம் என்றே சொல்லலாம், விளக்கம் தேவையில்லை. அங்கும் தெளியாவிட்டால் புழுவை இலையோடு ஒரு போத்தலில் போட்டுப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோகலாம். படத்தில் தெரியாத நான்கு புள்ளிகள் அவர் மேசையில் தெரியும்.