பாலை மலையும் செலவழுங்கலும்



பாலை என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் தோன்றுவது பிரிவு. அத்திணைக்குரிய சிறுபொழுது நண்பகல். பெரும்பொழுது வேனிலும் பின்பனியும். நிலத்தைச் சொன்ன முன்னோர் பொழுதையும் உடன் வைத்துச் சொன்னது ஏன்? காலையில் இனிதாக இருக்கும் அதே வழி உச்சிவேளையில் கொடியதாகிவிடும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். இவ்வுண்மையை இன்றும் மெய்ப்பிக்கும் நகரம் ஒன்று கடலுக்கு அப்பால் உண்டு. அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸே அது.

சோனோரன் பாலைவனத்தில் அமைந்த இந்நகரும் அதன் சுற்றுப்புறமும் 'கதிரவன் பள்ளத்தாக்கு' என வழங்கப்பெறும். நகரின் நடுவிலேயே மலைகள் எழுந்து நிற்கின்றன. படுத்திருக்கும் ஒட்டகம் போலத் தோன்றும் கேமல்பேக் மலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,700 அடி உயர்ந்தது. அருகே நிற்பது பியஸ்டெவா சிகரம். 2003ஆம் ஆண்டு ஈராக் போரில் உயிர்நீத்த ஹோப்பி இனப் பெண் வீரர் லோரி பியஸ்டெவாவின் பெயரைத் தாங்கியது. தெற்கே 16,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் தெற்கு மலைப் பூங்காவின் பாறைகளில், ஹோஹோகம் எனப்படும் பழங்குடியினர் செதுக்கிய உருவங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன.

நவம்பர் முதல் மார்ச் வரை இம்மலைவழிகள் மக்களால் நிறைந்திருக்கும். பனி உறையும் வடமாநிலங்களிலிருந்து வெயிலை நாடி வருவோரும் பலர். வழியோரத்தில் நிற்கும் சோயா என்னும் கள்ளி, உரசியவர் உடலில் முட்கணுவோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கையால் தொடாமல் அகற்றுதற்குச் சீப்பு ஒன்றை உடன் கொண்டு செல்வது பழகியவர் வழக்கம்.

அங்குள்ள மரஞ்செடிகளுள் தலைமை சான்றது சகுவாரோ என்னும் பெருங்கள்ளி. முதல் எட்டாண்டுகளில் அது வளர்வது ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலமே. வேறொரு மரத்தின் நிழலில் ஒதுங்கி வளர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே முதற்கிளை விடும். மழை பெய்தால் அதன் மடிப்புகள் விரிந்து நீரைத் தேக்கும். தண்டின் நுண்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியிலேயே திறந்து மூச்சு விடும். ஓரறிவுயிர் நண்பகலுக்கு அடங்கி வாழ்கிறது. ஆறறிவுடையோர் அதனை மறக்கலாமா?

மறந்ததன் விளைவு கொடிது. கேமல்பேக்கின் எக்கோ கேன்யன் வழி ஒருபுறம் ஏறத்தாழ 1.2 மைல் தொலைவே உடையது. அவ்வளவில் 1,200 அடிக்கு மேல் ஏற வேண்டும். கீழே வீடுகளும் சாலைகளும் கண்ணெதிரே தெரிவதால், ஏறுவோர்க்கு அச்சம் எழுவதில்லை. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடல் இழந்த நீரின் அளவும் புலப்படுவதில்லை. உச்சியை அடையும்போது குடிநீர் தீர்கிறது; கால்கள் தளர்கின்றன; இறங்கும்போதோ பாறைகள் வெப்பத்தை உமிழ்கின்றன. 2023ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் பீனிக்ஸின் அன்றாட உச்ச வெப்பம் 110 பாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ் பாகைக்குக் குறையாதிருந்தது என்பதை எண்ணினால், இவ்வழியின் கடுமை விளங்கும்.

வழியில் வீழ்ந்தவரை மீட்கச் சென்ற தீயணைப்பு வீரர்களே வெப்பத்தால் நலிவுற்ற நிலையில், 2021ஆம் ஆண்டு நகராட்சி ஒரு விதி செய்தது. கடும்வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் கேமல்பேக், பியஸ்டெவா வழிகள் முற்பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரை மூடப்பட்டன. பின்னர் அது காலை 9 மணியிலிருந்தே தொடங்குவதாயிற்று. ஒருவனுடைய துணிவு அவனோடு முடிவதில்லை. அவனைத் தூக்கி வருவோரின் உயிரையும் அது பணயமாக வைக்கிறது என்பதே இவ்விதியின் உட்பொருள்.

தமிழ் அகமரபில் செலவழுங்கல் என்றொரு துறை உண்டு. பொருள் தேடிப் பாலைவழி செல்லத் துணிந்த தலைவன், தலைவியின் துயர் கண்டு செலவைத் தவிர்ந்து நிற்பது அது. அதனைச் செல்லாமலே விட்டுவிடுதல் எனக் கொள்ளலாகாது என்றும், தலைவியை ஆற்றுவித்தற்பொருட்டு நேரும் தவிர்ச்சி என்றும் தொல்காப்பியம் விளக்கும். பாலை மலை ஏறுவோர்க்கு இதனினும் சிறந்த நெறி வேறில்லை. கொண்டு சென்ற நீரில் பாதி தீர்ந்தால், உச்சி எத்துணை அருகில் இருப்பினும் திரும்பிவிட வேண்டும் என அந்நகரத்தார் அறிவுறுத்துகின்றனர். திரும்புதல் தோல்வியன்று, வீட்டில் காத்திருப்போர் மீது கொண்ட அன்பின் செயல்.

மலை நாளையும் அங்கேயே இருக்கும். அதனை மீண்டும் காணும் உயிரும் இருத்தல் வேண்டும். போகத் துணிந்தவனைப் பாடிய நம் இலக்கியம், நின்று எண்ணியவனையும் பாடியது. அப்பெருமையை நினைவில் நிறுத்துவோமாக. வளர்க இலக்கிய வட்டம்!