சொதியும் எள்ளலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் ஒருவர் கவிதையை ஒருவர் அடித்துத் துவைத்துக் காயப்போட்டு வந்திருக்கிறோம். இன்று விழா நாள். மதிய உணவுக்கு முந்திய உரையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பசித்திருப்போரிடம் பேசத் தக்க பொருள் உணவு ஒன்றுதான். ஆகவே வீட்டுச் சமையலையும் அதைச் சுற்றி எழும் கேலியையும் எடுத்துக்கொண்டேன்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல். அதற்குப் பேராசிரியர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் உகந்தது. பிறரை எள்ளித் தான் நகுவதும் எள்ளல். பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவதும் எள்ளல். இந்த இரண்டாவதுதான் அடுக்களைக்கு உரியது என்பேன். சமைத்தவள் சிரிக்கவில்லையென்றால் அங்கே நடந்தது கேலி அன்று, வேறு ஏதோ ஒன்று.

குறுந்தொகை 167ஆம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரலும் தாளிதப் புகை சூழ்ந்த கண்ணுமாய்த் தானே சமைத்த புதுமனைவி. சுவையைப் பாராட்டி உண்ணும் கணவன். அவள் முகத்தில் தோன்றியும் தோன்றாததுமான மகிழ்ச்சி. அந்தக் கணவன் எங்கள் திருநெல்வேலி வீட்டில் பிறந்திருந்தால் அந்தப் பாராட்டு அவன் வாயில் வந்திருக்காது. குற்றம் சொல்வதே எங்கள் வீட்டுப் புகழுரை. தண்டியலங்காரம் இதைப் புகழாப்புகழ்ச்சி என்று அணியாக்கி வைத்திருப்பது எங்கள் நற்பேறு.

நெல்லையில் மணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி விருந்து உண்டு. தேங்காயை மும்முறை பிழிந்து, பின்னிரண்டு பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, கடைசியில் முதற்பாலை ஊற்றுவார்கள். ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

அம்மா சொதி வைக்கும் நாளெல்லாம் அப்பா முதல் கவளம் உண்டுவிட்டுச் சொல்லும் சொல் ஒன்றே: "என்னளா, மறுவீட்டுச் சொதி மாதிரி வரலியே." மறுவீட்டில் அதை வைத்தவர் எங்கள் ஆச்சி, அம்மாவைப் பெற்றவர். அம்மாவும் விடமாட்டாள். "அன்னிக்கு நீங்க மாப்பிள்ளை, இன்னிக்கு வீட்டுக்காரர். சொதியில என்ன குத்தம்?" என்பாள். அப்பா இரண்டாம் முறை சோறு வாங்குவார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த உரையாடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாடபேதமில்லாத பழம்பாட்டு அது.

நானும் ஒருநாள் கேலி செய்தேன். கவிதை எழுதத் தொடங்கிய புதிது. முன்னறிவிப்பின்றி நண்பர்கள் நால்வரை மதியம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். எல்லோரும் உண்டு முடித்தபின் அம்மா அடுக்களை மூலையில் பழையசோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவுக்குப் பழையதுதான் பஞ்சாமிர்தம்" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, தட்டைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டாள். பானையில் வேறு சோறு இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதே நேர்மையான சொல். அன்று மாலை அப்பா என்னிடம் ஒன்றே சொன்னார்: "அவ வைக்கிறதைச் சொல்லு. அவ சாப்பிடறதைச் சொல்லாதே." எனக்குக் கிடைத்த திறனாய்வுகளில் இன்றுவரை கடுமையானது அதுதான்.

அப்பா மறைந்தபின் அம்மா அடுக்களைப் பக்கம் போகவில்லை. சமையல் என் மனைவி கைக்கு வந்தது. பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறன்று அவள் சொதி வைத்தாள். அம்மா ஒரு கவளம் உண்டு, தலை நிமிராமல், "மறுவீட்டுச் சொதி மாதிரி வரலியே" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. நாகைச் சத்திரத்தில் காளமேகம் பாடிய வசை, அதே சொற்களால் வாழ்த்தாகவும் பொருள்பட்டது என்று கதை சொல்வார்கள். இங்கேயோ வாழ்த்தாயிருந்த சொல் மாமியார் வாயில் வசையாகிவிடுமோ என்று அஞ்சினேன். என் மனைவி அஞ்சவில்லை. "மறுவீட்டுச் சொதியை நான் கண்டேனா அத்தை? நாளைக்கு நீங்க வச்சுக் காட்டுங்க" என்றாள்.

மறுநாள் அம்மா வைத்தாள். கையும் கண்ணும் முன்போல் இல்லை. பால் கொதித்துத் திரிந்துவிட்டது. நாங்கள் பெரிய மனிதர்களைப் போல மௌனமாக உண்டோம். நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அம்மாவின் முகம் வாடியது. எள்ளத் தகாத அளவுக்கு முதுமை வந்துவிட்டதோ என்று அவள் எண்ணியிருக்கவேண்டும்.

அப்போது என் மனைவி இலையைப் பார்த்தபடி, "அத்தை, இது மறுவீட்டுச் சொதி இல்லை, மறுபடி வைக்கவேண்டிய சொதி" என்றாள்.

அம்மா சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு, "நீ உக்காருளா, உனக்கு முதல்ல போடுதேன்" என்று கரண்டியை எடுத்தாள்.

இலை போட்டுவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.