வெளிநாட்டுக்குக் கருணைக் கடிதம், உள்நாட்டில் தூக்குமேடை



2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூர் சாங்கி சிறையில் நாகேந்திரன் தர்மலிங்கம் தூக்கிலிடப்பட்டார். மலேசியத் தமிழர். 2009இல், 21 வயதில், தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டவர். அவருடைய ஐ.க்யூ. 69 என்று மருத்துவ நிபுணர் சொன்னார். தெரிந்தேதான் செய்தார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. வெறுமனே சுமந்து வந்தவர், கும்பலைப் பற்றி உருப்படியான தகவல் தந்தார் என்று அரசு வழக்கறிஞர் சான்று கொடுத்தால் உயிர் தப்பலாம். கூலிக்குப் பொட்டலம் சுமந்தவனுக்கு, அதைக் கொடுத்தவனின் உண்மைப் பெயராவது தெரிந்திருக்குமா?

2021 நவம்பரில் மலேசியப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி, சிங்கப்பூர் பிரதமருக்குக் கருணை கேட்டுக் கடிதம் எழுதினார். எழுதியது சரிதான். ஆனால் அன்று மலேசியாவிலும் 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானித்தது. மிகக் குறுகிய விலக்கு தவிர, தண்டனை தூக்குதான். 2018 முதல் தூக்கிலிடுவதை நிறுத்தி வைத்திருந்தார்கள். சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கடிதத்துக்கு என்ன வலு இருக்கும்?

2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியது. சிங்கப்பூர் அதற்கும் மசியவில்லை. 2025இலும் மலேசியத் தமிழர்களைத் தூக்கிலிட்டது. ஆனால் மலேசியச் சிறைகளில் தூக்குக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கானோர் தண்டனைக் குறைப்புக் கேட்க வழி பிறந்தது. கடிதம் செய்யாததைச் சட்டத் திருத்தம் செய்தது.

நம் அரசுக்கு வருவோம். கத்தாரில் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு 2023இல் மரண தண்டனை விதிக்கப்பட்டபோது டெல்லி விடாமல் பேசியது. 2024 பிப்ரவரியில் அவர்கள் விடுதலையானார்கள். மகிழ்ச்சி. அதே டெல்லி, தூக்கை நிறுத்தி வைக்கக் கோரும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானங்களைத் தொடர்ந்து எதிர்த்தே வாக்களிக்கிறது.

இங்கே தூக்குக்குக் காத்திருப்பவர்கள் யார்? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு சொல்கிறது: நான்கில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட, தலித், பழங்குடி, சிறுபான்மைச் சமூகத்தினர். இவர்களுக்காக எந்த நாட்டுப் பிரதமரும் கடிதம் எழுதப் போவதில்லை.

வெளிநாட்டில் சிக்கிய ஒவ்வொருவருக்காகவும் அரசு பேசட்டும். ஐ.நா.வில் வாக்கையும் மாற்றட்டும், இங்குள்ள தூக்குமேடையையும் அகற்றட்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்தே கேட்போம்.