ரெண்டரை நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க!

மாணவர்களுக்கான ரோபோட்டிக்ஸ் பயிற்சி நிறைவு விழாவில் ஆற்றிய உரை:



அரசியல்வாதிக்கு ரோபோவைப் பத்தி என்ன தெரியும்னு நினைப்பீங்க. நியாயம்தான். சென்சாரைப் பத்தி இங்க இருக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் எனக்குச் சொல்லிக் கொடுக்கணும். நான் பேச வந்தது போட்டியோட விதிகளைப் பத்தி.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் பல நாடுகள்ல நடக்கிற போட்டி. ஒரு ஆட்டம் ரெண்டரை நிமிஷம். ரிமோட் கிடையாது, ரோபோ தானா ஓடணும். வழியில நின்னுடுச்சேன்னு கையை வெச்சா இழப்பு. ஆட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. ஏன் இப்படிக் கட்டினீங்க, எடுத்துக்கிட்ட பிரச்சினைக்கு என்ன தீர்வு, அணியா எப்படி வேலை செஞ்சீங்க, எல்லாத்துக்கும் சம மதிப்பு. நடுவர் கேட்டா பிள்ளைங்கதான் பதில் சொல்லணும். அப்பா ராத்திரி உட்கார்ந்து செஞ்சு கொடுத்த ரோபோ அங்கேயே மாட்டிக்கும்!

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டி இருக்கு. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கினது. அதுல மூணு அணி சேர்ந்து ஒரு கூட்டணி. (சிரிக்காதீங்க, கூட்டணி நமக்கும் தெரியும்!) தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டணி மாறும். காலையில கூட நின்னவங்க மதியம் எதிரே நிப்பாங்க. அதனால பக்கத்து அணிக்கு ஸ்பேனர் இல்லைன்னா கேட்கிறதுக்கு முன்னாடியே எடுத்துக் கொடுக்கிறாங்க. எதிர் அணியை எதிரியா பார்க்காத இந்தப் பழக்கம் எங்களை மாதிரி மேடை ஏறுறவங்களுக்கும் வேணும்.

ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரப் பெண் பிள்ளைகள் ஆறு பேர், 2017-ல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்குக் கிளம்பினாங்க. விசா ரெண்டு முறை மறுக்கப்பட்டது. கடைசியில போய், துணிச்சலான சாதனைக்காக வெள்ளிப் பதக்கம் வாங்கினாங்க. 2020-ல் கொரோனா வந்தப்போ, அதே அணிப் பெண்கள் பழைய டொயோட்டா கொரோலா கார் பாகங்களை வெச்சு வென்டிலேட்டர் மாதிரி ஒண்ணை உருவாக்க உட்கார்ந்தாங்க. இருக்கிறதை வெச்சு செய்ற அந்தப் புத்தி அணியா உழைச்சதுல வந்தது.

ஆனா நம்ம பள்ளிகள்ல என்ன நடக்குது? பையன் புரோகிராம் எழுதுறான், பெண் பிள்ளை சார்ட் ஒட்டுது. ஆசிரியர்களே, வேலையை மாத்தி மாத்திக் கொடுங்க. லேப்டாப் எல்லார் கையிலயும் போகணும்.

தோழர்களுக்கு ஒரு வேலை. அடல் டிங்கரிங் லேப் திட்டத்துல தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. உங்க ஊர் பள்ளியில லேப் இருந்தா, தலைமை ஆசிரியர்கிட்ட அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்க. பெட்டி பிரிச்சிருக்கா? பிள்ளைங்க கை பட்டிருக்கா? பூட்டியே கிடந்தா காரணம் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்க.