ஆளில்லாத வார்டுக்கு வரிவிலக்கு உண்டா?



இந்த ராமநாதபுரம் அரண்மனை வாசல் எத்தனையோ தேர்தல் கூட்டங்களைப் பார்த்திருக்கிறது. இன்று நாம் கூடியிருப்பது ஓட்டுக் கேட்க அல்ல, தேர்தலையே கேட்க.

ஒரு கவுன்சிலர் காலமாகிறார், அல்லது ராஜினாமா செய்கிறார், அல்லது தகுதி இழக்கிறார். அந்த வார்டு காலியாகிவிடுகிறது. மிச்சக் காலத்துக்கு மக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் நடப்பது என்ன? 2022 ஜூலை 9-ஆம் தேதிக்கு, 498 ஊரகப் பதவிகள், 12 நகர்ப்புறப் பதவிகள் என்று மொத்தம் 510 இடங்களுக்குத் தற்செயல் தேர்தல், அதாவது இடைத்தேர்தல், அறிவித்தார்கள். அதற்குப் பிறகு காலியான இடங்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன.

ஈரோடு கிழக்கைப் பாருங்கள். 2023 ஜனவரி 4-ல் சட்டமன்ற உறுப்பினர் திருமகன் ஈவெரா மறைந்தார். பிப்ரவரி 27-ல் வாக்குப்பதிவு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருக்குப் பின் வந்த அவருடைய தந்தை இளங்கோவன் 2024 டிசம்பர் 14-ல் மறைந்தார். 2025 பிப்ரவரி 5-ல் மறுபடியும் வாக்குப்பதிவு. அதைக் குறை சொல்லவில்லை, அப்படித்தான் நடக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு ஆறு மாதக் கெடு இருக்கிறது, அதை மதிக்கிறார்கள். ராமேஸ்வரம் சங்குமாலில் இருக்கிறவன் ஓட்டும் ராமநாதபுரம் கேணிக்கரையில் இருக்கிறவள் ஓட்டும், நகராட்சித் தேர்தலிலும் அதே சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்துதானே வருகிறது? கோட்டைக்குப் போட்டால் ஒரு மதிப்பு, நகராட்சிக்குப் போட்டால் இன்னொரு மதிப்பா?

“ஒரு வார்டு காலியாக இருந்தால் என்ன, நகராட்சி ஓடத்தானே செய்கிறது” என்கிறார்கள். ராமநாதபுரம் நகராட்சிக்கு 33 வார்டு, ராமேஸ்வரத்துக்கு 21. தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இருபத்தொரு பேர் மன்றத்தில் ஒரு நாற்காலி காலி என்றால், தலைவர் யார், பட்ஜெட் என்ன, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்ற எந்த முடிவிலும் அந்த வார்டு மக்களுக்குப் பங்கு கிடையாது. 2022-ல் சொத்து வரியை 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். கவுன்சிலர் இல்லாத வார்டுக்கு அந்த வரி ரசீது வராமல் போகுமா? ஆளில்லாத வார்டுக்கு வரிவிலக்கு உண்டா? இல்லையே! காசு மட்டும் வேண்டும், குரல் வேண்டாம் என்றால் அதை எப்படி ஒப்புக்கொள்வது?

பாதாள சாக்கடை பொங்கித் தெருவில் ஓடும்போது யாரிடம் போவது? காவிரிக் குழாயில் தண்ணீர் வராமல் குடத்தோடு நிற்கும் பெண் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? நிலத்தடி நீரை வாயில் வைக்க முடியாத ஊர் இது. லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் வந்து குளிக்கும் அக்னி தீர்த்தக் கடலில் கழிவுநீர் கலக்கிறது என்று நீதிமன்றம் வரை போன ஊர் ராமேஸ்வரம். இங்கே கவுன்சிலர் அலங்காரப் பதவியா? ஏரியா சபை, வார்டு கமிட்டி என்று 2022-ல் விதி போட்டார்கள், நல்ல விதி. அந்த வார்டு கமிட்டிக்குத் தலைவர் கவுன்சிலர். அவரே இல்லாத வார்டில் கமிட்டியை யார் கூட்டுவார்?

பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டத்தைப் போராடிப் பெற்றோம். பெண்கள் வார்டு காலியானால் மன்றத்தில் ஒரு பெண்ணின் இடம் பறிபோகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, “மன்றத்தின் அஞ்சு வருஷம் 2027 மார்ச்சோடு முடிகிறது, அதுவரை பொறுக்கக் கூடாதா?” என்கிறார்கள். பொறுத்துப் பார்த்தவர்கள்தான் நாம்! உள்ளாட்சித் தேர்தலுக்கு 2016 அக்டோபர் 17, 19 என்று தேதி குறித்தார்கள். வேட்புமனுவும் தாக்கலாகிவிட்டது. அக்டோபர் 4-ல், பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. இடஒதுக்கீட்டைச் சரிசெய்து சில மாதத்தில் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. அந்த மாதக் கடைசியில் தனி அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். நகராட்சிகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். முழுசாக ஒரு பதவிக்காலம், தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தேர்தல் நடத்தவில்லை என்று காட்டியே உள்ளாட்சிக்கான நிதிக்குழு மானியத்தை டெல்லி நிறுத்தி வைத்தது. சென்னை மாநகராட்சி இதைவிட மோசம்: 1973-ல் கலைத்தார்கள், 1996-ல்தான் மறுபடி தேர்தல். பெங்களூரில் 2020 செப்டம்பரில் காலம் முடிந்த மாநகராட்சிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. “கொஞ்சம் பொறுங்கள்” என்று ஆட்சியாளர் சொன்னால் அது எத்தனை வருஷம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம்மிடமும் ஒரு பேச்சு இருக்கிறது. “இடைத்தேர்தல்னா ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், அவன் வந்தாத்தான் ரோடு வரும்.” தோழர்களே, அந்த ரோடு உங்கள் வரிப்பணத்தில் வருகிறது. நிதிக்குழு மானியம் சட்டப்படி வருகிறது. அதை எந்தக் கட்சியின் பரிசாகவும் வாங்காதீர்கள்.

மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள். 2022-ல் பிப்ரவரி 19-ம் சனிக்கிழமை, ஜூலை 9-ம் சனிக்கிழமை. ராமேஸ்வரம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மீனவனைத் தொழிலா ஓட்டா என்று நிறுத்தாதீர்கள். படகு கரையில் நிற்கும் நாளாகப் பார்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது, அதில் ஒரு நாள் போதும்.

வரும் திங்கட்கிழமை பட்டினம்காத்தான் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். கவுன்சிலர் இல்லாத ஒவ்வொரு வார்டிலிருந்தும் தனித்தனி மனு போக வேண்டும். ஆண்கள் கடலுக்குப் போகிற நாள்தான், தெரியும். தாய்மார்களே, நீங்கள் முன்னால் வாருங்கள். மனுவோடு சொத்து வரி ரசீது நகலையும் இணையுங்கள். மனு வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.