வில்லுப்பாட்டு கேட்க நாஞ்சில் நாட்டுக்குப் போங்கள்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் காவல்கிணறு தாண்டியதும் மலை நெருங்கி வரும், காற்று பலக்கும். வரிசை வரிசையாகக் காற்றாலைகள், சாலையோரத்தில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில், அப்புறம் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பூச்சந்தை. இந்த நாஞ்சில் நாட்டு வட்டாரத்தில் ஒரு வில்லுப்பாட்டுக் குழு அடுத்து எங்கே பாடப்போகிறது என்று தெரிய வேண்டுமானால், எந்த ஊரில் எப்போது கொடை, அதாவது கோயில் விழா, என்று கேட்டால் போதும். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் முத்தாரம்மனுக்கும் ஊர்தோறும் கொடை நடக்கும். ஊர்க்காரர்கள் அச்சாரம் கொடுத்து நாளை உறுதி செய்துவிடுவார்கள். அந்த நாட்களைக் கோத்தால் அதுவே குழுவின் பயணத் திட்டம். வில்லுப்பாட்டைக் கேட்க விரும்புகிறவர் நகரத்து விழா மேடைக்குக் காத்திராமல் இந்தக் கொடைகளுக்குத்தான் போக வேண்டும் என்பது என் துணிவு.

ஏனென்றால், அந்தப் பாட்டுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. மண்குடத்தோடு பிணைத்த நீண்ட வில், அதில் வரிசையாகத் தொங்கும் மணிகள், நாணில் விழும் இரண்டு வீசுகோல்கள், பக்கத்தில் உடுக்கும் ஜால்ராவும் கட்டையும். காப்பு, குருவணக்கம், அவையடக்கம் எல்லாம் பாடிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார்கள். சாமியின் பிறப்பும் பெற்ற வரமும் நிதானமாக விரியும். நள்ளிரவுப் பூசை நெருங்க நெருங்க உடுக்கு ஓங்கும், தாளம் விரையும், சாமியாடும் கோமரத்தாடி மேல் சாமி வரும். அப்போது வில்லுக்காரரின் கண் அவர் மீதே இருக்கும். ஆட்டம் தணியும்வரை அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற அந்தக் கணிப்பில்தான் அவருடைய முழுத் தேர்ச்சியும் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கிய மேடையில் அதற்கு இடமே இல்லை.

மேடையும் வானொலியும்தானே இந்தக் கலையைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோயின என்று கேட்கலாம். உண்மைதான். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் காந்தி கதையை வில்லில் பாடி, கொடையே பார்த்திராதவர்களையும் கேட்க வைத்தார். அது பெரிய தொண்டு. ஆனால் அவர் மேடைக்கென்றே புதுக் கதைகளைக் கட்டினார். சுடலைமாடன் கதையையோ இசக்கி கதையையோ அப்படிச் சுருக்கினால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். வழிபாட்டில் வெளியூர்க்காரருக்கு என்ன வேலை என்பது இன்னொரு தயக்கம். இது கனமான கேள்வி. கொடை அந்த ஊரார் வரி போட்டு நடத்துவது, நமக்காக நடப்பதல்ல. ஆனாலும் பாட்டு ஊர் நடுவே, திறந்த பந்தலில், வருகிற எல்லார் காதிலும் விழத்தான் நடக்கிறது. செருப்பைக் கழற்றி, கேமராவைப் பையில் வைத்து, ஓரமாக உட்கார்ந்து கேட்பவரை யாரும் எழுப்பமாட்டார்கள். ஒலிபெருக்கி இரைச்சல் என்று குறைப்படுவோர் வில்லுக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கலாம்.

ஆடிக் கொடைகள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளை ஒட்டியே வரும். நாகர்கோவிலில் தங்கி, சுற்றுவட்டாரத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள். வாழி பாடி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள். முடிந்ததும் குழுவினருக்கு உங்களால் முடிந்த அன்பளிப்பைக் கையிலேயே கொடுங்கள்.