கணக்கை முடிக்கப் போன கதை

(நம் பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் சங்கப் பொருளாளர் ஆற்றிய உரை. இவர் 1979–82 பி.காம். மாணவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்.)



பொருளாளர் மைக்கைப் பிடித்தாலே நன்கொடை கேட்கப் போகிறார் என்று பாதிப் பேர் காபி குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். இன்று பயப்பட வேண்டாம். ரசீதுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஒரு மாணவனின் சின்ன வங்கிக் கணக்கை முடிக்கப் போய் அவனும் நானும் பட்ட பாட்டைச் சொல்ல வந்தேன். அதற்குள் என்னுடைய பாவக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஏப்ரல் முதல் வாரம், நம் சங்கம் சில மாணவர்களுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை அனுப்பியது. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆகட்டும் என்று கொடுத்தது. எல்லோரும் "பணம் வந்தது, நன்றி" என்று தகவல் சொல்லிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போன் போட்டேன். "வந்துச்சுங்க சார்" என்றான். குரலில் சுரத்தே இல்லை. துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வந்தது. கணக்கில் இருந்தது 3,230 ரூபாய். மீதி 1,770 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டுவிட்டது.

நடந்தது இதுதான். 2024 மே மாத விடுமுறையில் அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குப் போயிருக்கிறான். அங்கே எல்லோருக்கும் மொத்தமாக ஒரு வங்கியில் சம்பளக் கணக்கு திறந்திருக்கிறார்கள். இருப்பே வேண்டாம், பூஜ்யம் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளம் வந்தது. கல்லூரி திறந்ததும் கடைசி ரூபாய்வரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

வங்கியைப் பொறுத்தவரை முடியவில்லை. சம்பளக் கணக்கில் தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுவது பல வங்கிகளின் வழக்கம். மாறிய அன்றே 'மினிமம் பேலன்ஸ்' என்ற ஆசாமி உள்ளே நுழைந்துவிடுவார். அந்தக் கிளையில் அது 5,000 ரூபாய். இருப்பில் எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு 6 கட்டணம். இவனிடம் ஒன்றுமே இல்லை. ஆகவே முழுசாக 300 ரூபாய். நவம்பரிலிருந்து மார்ச்வரை ஐந்து மாதத்துக்கு 1,500. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 270. ஆக மொத்தம் 1,770. கணக்கில் காசு இல்லாததால் பாக்கியாக எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நம் சங்கத்துப் பணம் போய் விழுந்ததும் எடுத்துக்கொண்டார்கள்.

எஸ்.எம்.எஸ். அனுப்பினோம் என்றார்கள். அனுப்பித்தான் இருப்பார்கள். ஆனால் அந்த சிம் கார்டை ரீசார்ஜ் செய்ய வழியில்லாமல் அவன் விட்டு மாதக்கணக்காகிறது. புது எண்ணை வங்கியில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அது அவன் பக்கத்துத் தவறு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கணக்கை முடித்துவிடலாம் என்று ஏப்ரல் 15-ஆம் தேதி அவனை அழைத்துக்கொண்டு நேரிலேயே போனேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கணக்கு ஆரம்பிச்சு இன்னும் ஒரு வருஷம் ஆகலை சார். இப்ப க்ளோஸ் பண்ணினா 500 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் ஆகும்" என்றாள். அதாவது 590. கழித்தால் கையில் வருவது 2,640. நாம் கொடுத்தது ஐயாயிரம்!

"வருஷம் ஆக இன்னும் எத்தனை நாள்மா?"

"இருபது நாள் சார். மே அஞ்சாம் தேதிக்கு மேல வந்தீங்கன்னா க்ளோசிங் சார்ஜ் கிடையாது."

"அப்ப இருபது நாள் கழிச்சு வர்றோம்."

"அதுக்குள்ள ஏப்ரல் மாசத்து மினிமம் பேலன்ஸ் சார்ஜ் விழும் சார்."

முடித்தாலும் தண்டம், முடிக்காவிட்டாலும் தண்டம். வங்கியில் 38 வருடம் குப்பை கொட்டிய எனக்கே தலை சுற்றியது. "ஏம்மா, கணக்கே வேண்டாம்னு வந்து நிக்கிற பையன்கிட்ட, கணக்குல காசு வைக்கலைன்னு பணம் பிடிக்கிறது நியாயமா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சொன்னாள்: "நான் என்ன சார் பண்றது? சிஸ்டம் அப்படி."

நண்பர்களே, அந்த ஒரு வார்த்தையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். இதே பதிலை நானே ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். 2004 என்று நினைவு. அப்போது நான் கிராமத்துக் கிளை ஒன்றில் அதிகாரி. வயதான ஓர் அம்மா, மகளோடு வேறு ஊருக்குப் போகிறேன், கணக்கை முடித்துக் கொடுங்கள் என்று வந்தார். பாஸ்புக்கில் 312 ரூபாய். இருப்புக் குறைவுக்கு ஒன்று, முடிப்பதற்கு ஒன்று என்று கழித்து 187 ரூபாய் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, நம்ம காசை நாம எடுக்கறதுக்கு எதுக்குங்க தண்டம்?" என்று கேட்டார். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ரூல்ஸ் அப்படிங்கம்மா" என்றேன். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. எனக்கு வேலை இருந்தது. அவர் முந்தானையில் காசை முடிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு 'ரூல்ஸ்'. இன்றைக்கு 'சிஸ்டம்'. இருபது வருடத்தில் வார்த்தைதான் மாறியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இன்றுவரை என்னிடம் இல்லை. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

வங்கியின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கணக்கை வைத்திருப்பதற்குச் செலவு உண்டு. ஆள், கட்டடம், கம்ப்யூட்டர், ஏடிஎம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். லட்ச ரூபாய் வைத்திருப்பவரின் பணத்தைக் கடன் கொடுத்து வங்கி சம்பாதிக்கிறது. நூறு ரூபாய் கணக்கில் அதற்கு ஒன்றும் மிஞ்சாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கட்டணத்தைக் கட்டுவது யார் என்று பாருங்கள். இருப்பு வைத்திருப்பவரிடம் வாங்குவதில்லை; வைக்க முடியாதவரிடம்தான் வாங்குகிறார்கள். இல்லாதவனிடம், இல்லை என்பதற்காக வாங்கும் கட்டணம் இது. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து நிதியாண்டுகளில், இருப்புக் குறைவுக்காகப் பொதுத்துறை வங்கிகள் மட்டும் வசூலித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று 2024 ஜூலையில் மக்களவையில் அரசே பதில் சொல்லியிருக்கிறது. முந்நூறு முந்நூறாகச் சேர்ந்த கோடிகள் அவை.

மாற்றம் இல்லாமலும் இல்லை. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. 2025-ன் நடுவில் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவையும் எடுத்தன. ஆகவே, 'வேறு வழியே இல்லை, வங்கி என்றால் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கவுண்டரிலிருந்து திரும்பிய அன்று மாலை நானும் அந்தப் பையனும் உட்கார்ந்து மேனேஜருக்கு ஒரு மனு எழுதினோம். எழுத்து அவனுடையது, சட்டம் நான் சொன்னது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருப்புக் குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். கட்டணம் குறைவுக்குத் தகுந்த விகிதத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. இந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். பூஜ்யமாக இருந்த கணக்கில் ஐந்து மாதப் பாக்கியை எழுதி வைத்து, பிறகு வந்த உதவித்தொகையில் எடுத்தால் அது மைனஸ் அல்லாமல் வேறு என்ன என்று கேட்டிருந்தோம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. 1,770 ரூபாயும், ஏப்ரல் மாதத்துக்கென்று பிடித்ததும் திரும்பி வந்தன. அதற்குள் மே 5-ம் தாண்டிவிட்டதால் முடிப்புக் கட்டணமும் போயிற்று. ஆனால் வருடம் முடிந்ததால் ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 236 ரூபாய் வந்து நின்றது! அது அவர்கள் பட்டியலில் உள்ளது, விட்டுக்கொடுத்தோம். 4,764 ரூபாயோடு கணக்கு முடிந்தது. அதே சின்னப் பெண்தான் முடித்துக் கொடுத்தாள். "நல்லவேளை எழுதிக் கொடுத்தீங்க சார்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்தபோது அந்த அளவுகூடச் சொல்லவில்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அந்தப் பையன் ஒன்று சொன்னான். "காசு போனதுகூடப் பெருசா தெரியலைங்க சார். சங்கத்துல கொடுத்த பணத்தை நான் செலவு பண்ணிட்டுப் பொய் சொல்றேன்னு நினைச்சுப்பீங்களோன்னுதான் பயந்தேன். அதான் போன் பண்ணலை."

இதற்காகத்தான் இதை உங்கள் முன் சொல்ல நினைத்தேன். பணத்தை எடுத்தது வங்கி. கூசி நின்றது பையன். சின்னக் கணக்குக்காரர் எல்லோருமே இப்படித்தான். நம்மிடம்தான் ஏதோ குறை என்று பேசாமல் போய்விடுகிறார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் போனார்.

தம்பி தங்கைகளே, இந்தப் பழைய வங்கிக்காரன் சொல்வதைச் சற்றுக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கைக் காலி செய்வது வேறு, முடிப்பது வேறு. வேலையை விட்டால் சம்பளக் கணக்கை என்ன செய்வது என்று அந்த மாதமே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் முடிப்பு விண்ணப்பம் கொடுங்கள். கார்டையும் மிச்சமிருக்கும் செக்கையும் ஒப்படையுங்கள். கணக்கு முடிந்ததற்கு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் எண் மாறினால் வங்கியில் மாற்றுங்கள். இருப்பு வைக்க வசதியில்லை என்றால் 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்று கேளுங்கள். 2012 முதல் எல்லா வங்கியும் அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. குறைந்தபட்ச இருப்பு அதில் கிடையாது. இரண்டு வருடம் வரவு செலவே இல்லாமல் செயலிழந்த கணக்கானால், 2024 ஏப்ரல் முதல் அதில் இருப்புக் குறைவுக் கட்டணம் பிடிக்கக் கூடாது. அதை மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் கிடையாது. தவறாகப் பிடித்தார்கள் என்று தோன்றினால் எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 1995-ல் வந்த ஏற்பாடு அது, காசு செலவில்லை.

சங்க நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி உதவித்தொகை அனுப்புமுன், எந்த மாதிரிக் கணக்கு, அதில் பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று நாமே கேட்டுவிடுவோம். நம்மில் வங்கியில் இருந்தவர்கள் பத்துப் பேராவது இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு நாள், ஜூன் மாதத்தில், கல்லூரி மரத்தடியில் ஒரு மேஜை போட்டு உட்காருவோம். மாணவர்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வரட்டும். மனு எழுத வேண்டியிருந்தால் உடன் உட்கார்ந்து எழுதிக் கொடுப்போம். முதல் ஆளாக நான் வருகிறேன். 2004-ல் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிக்கு இதுதான் என்னால் கட்ட முடிந்த வட்டி.

அந்தப் பையன் இப்போது மூன்றாம் ஆண்டு. இந்த அரங்கில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். ஆனால் ஜூன் மாதம் மேஜைக்கு அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மனு எழுத அவனுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.